ஒரு டேக் போதும்

ஆமாங்க தம்பி, நான்தான். அந்த வீடியோவுல வர்ற ஆளு நான்தான். உடுமலையில ஏறுனதுல இருந்து நீங்க போனைப் பாக்கறீங்க, என்னைப் பாக்கறீங்க, மறுபடியும் போனைப் பாக்கறீங்க. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.

மறைக்க வேண்டாம், வெளியவே வெச்சுக்குங்க. நானும் எல்லாத்தையும் பாத்துட்டேன். உங்களுக்கு எது வந்துச்சு? பின்னால ஒப்பாரிப் பாட்டுப் போட்டதா? இல்லை, பாறாங்கல் படத்தையும் என் மூஞ்சியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வித்தியாசத்தைக் கண்டுபிடின்னு போட்டதா? அதுதான் ரொம்ப ஓடுச்சு. எங்க மில்லுல மூட்டை தைக்கிற பொம்பளைங்களே கும்பலா நின்னு பாத்துச் சிரிச்சாங்க. நான் பின்னால வந்து நிக்கறேன்னு தெரிஞ்சதும் ஆளுக்கொரு பக்கம் கோணி ஊசியைத் தேடுனாங்க. சிரிக்கட்டும். சிரிச்சா என் தோலா உரிஞ்சு போகுது?

ஆனா ஒண்ணு. அந்த வீடியோவுல நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்லை. அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க. கோயமுத்தூர் வரைக்கும்தானே போறீங்க? நானும் அங்கதான். மிஷினுக்குப் பெல்ட் வாங்கணும். கார் இருக்குதுங்க, இல்லாம இல்லை. காரை எடுத்தா எங்க போறீங்க எதுக்குப் போறீங்கன்னு வீட்டுல கேப்பாங்க. பஸ்ஸுன்னா சௌகரியம்.

என் பேரு திருமலைசாமி. மோகனா மாட்டுத் தீவனம் நம்ம மில்லுதான். உங்க வீட்டுல மாடு இருக்குதுங்களா? இருந்துச்சா. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

மில்லு வெக்கறதுக்கு முன்னாடி இருபது வருஷம் நான் மாட்டுத் தரகன். பொள்ளாச்சிச் சந்தையில கேட்டுப் பாருங்க. அங்க விலையை வாயால பேச மாட்டாங்க. துண்டைக் கை மேல போட்டுக்குவோம். துண்டுக்கு அடியில அவன் கை, என் கை. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, கையை மொத்தமாப் பிடிச்சா அஞ்சு. சுத்தி நூறு பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. கை பேசிட்டு இருக்கும். முகம்? முகம் ஒண்ணும் பேசக் கூடாது. அங்கதான் தொழிலே இருக்குது. ஒரு மாட்டோட மடியை நீங்க ஒரு நொடி கூடுதலாப் பாத்துட்டீங்கன்னா விலை ஏறிப் போச்சு. புடிச்ச மாட்டைப் பாத்தா கொட்டாவி விடணும். புடிக்காத மாட்டைப் பாத்தாலும் அதே கொட்டாவி. என் மூஞ்சியைப் பாத்து இந்தாளுக்கு இந்த மாடு வேணுமா வேண்டாமான்னு கண்டுபிடிச்சவன் அந்தச் சந்தையில ஒருத்தன் கிடையாது. வந்த பேரு கிழங்கன். கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கறப்ப எவ்வளவு பெருசுன்னு தெரியாதுல்லங்க, அந்த மாதிரியாம். அந்தக் காசுலதான் மில்லு வந்துச்சு. அந்தக் காசுலதான் எம் பொண்ணு எம்.பி.ஏ. படிச்சா.

பொண்ணு பேருதான் மோகனா. மூட்டை மேல போட்டிருக்கறது அவ பேருதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன கோடையில மடத்துக்குளம் பக்கம் ஒரு கிராமத்துல, கிட்டுசாமின்னு ஒருத்தரோட ரெண்டு மாடு செத்துப் போச்சு. நல்ல கறவை மாடு. கயித்தை அத்துட்டுப் போய்ப் பக்கத்துக் காட்டுல சோளப்பயிரை மேஞ்சிருக்குது. மழையில்லாம வாடிக் கெடந்த இளம்பயிரு. அதுல விஷம் இருக்குங்கறது மாடு வெச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும். கால்நடை டாக்டரு வந்து வயித்தை அறுத்துப் பாத்துட்டு அதையேதான் சொன்னாரு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்து போச்சு. செத்த மாடு மேல ஈ மொய்க்குதுன்னு, கிட்டுசாமி சம்சாரம் காலிச் சாக்கை எடுத்துட்டு வந்து மூடியிருக்குது. யாரு சாக்கு? நம்ம சாக்கு. மாட்டு வயித்து மேல பெருசா ‘மோகனா’ன்னு எழுத்து. அதை எவனோ போட்டோ எடுத்தான். கீழ ஒரு வரி எழுதுனான், இந்தத் தீவனத்தைத் தின்னுதான் செத்துச்சுன்னு. சாயங்காலத்துக்குள்ள பாலக்காடு வரைக்கும் போயிருச்சு.

டாக்டரு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டையும் நாங்க அனுப்புனோம். அதை ஒருத்தனும் அடுத்தவனுக்கு அனுப்பலை. யாரு தம்பி ரிப்போர்ட்டை அனுப்புவான்?

லோடு திரும்பி வர ஆரம்பிச்சுது. பொள்ளாச்சி ஏஜென்ட் நாச்சிமுத்து, என் கூடச் சந்தையில ஒண்ணா டீ குடிச்சவன், அவனே போன் பண்ணிட்டான். “கிழங்கா, எனக்கு உன்னைத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியுமா? முதலாளி யாருன்னு ஒருத்தனும் பாத்ததில்லை. மூஞ்சியைக் காட்டிப் பேசு. அந்த வீடியோ வர்ற வரைக்கும் எனக்கு மூட்டை அனுப்பாதே”ன்னான். ரெண்டு பேரைத் தவிர மத்த ஏஜென்ட்டுகளும் அதையேதான் சொன்னாங்க. வீடியோ சரியா வந்தா மில்லு ஓடும், இல்லாட்டி மூட வேண்டியதுதான். அந்த நெலமைதான் அப்ப.

மோகனா கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடத்தைக் கூட்டிட்டு வந்தா. ஹேமலதான்னு பேரு. முன்னாடி லோக்கல் டி.வி.யில நியூஸ் வாசிச்சவங்களாம். இப்பக் கம்பெனி முதலாளிகளுக்கெல்லாம் கேமரா முன்னாடி எப்படிப் பேசறதுன்னு கத்துக் குடுக்கறதுதான் அவங்க வேலை. இதுக்கெல்லாம் வாத்தியாரு இருக்காங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

வந்ததும் வராததுமா என் சட்டையைப் பாத்தாங்க. “சார், வெள்ளை வேண்டாம். லைட்டு பட்டா முகம் இருட்டாத் தெரியும்.”

“முகமே இருட்டுத்தாங்க மேடம். சட்டை என்ன பண்ணும்?”ன்னேன்.

“லைட் புளூ போட்டுக்கலாம் சார். துண்டு வேண்டாம்.”

அங்கதான் எனக்கு மொதல்ல சுருக்குன்னுச்சு. நான் உக்காந்தா துண்டு மடியில கெடக்கும், கை ரெண்டும் துண்டுக்குள்ள இருக்கும். பழக்கம். அந்தம்மா பதனமாத் துண்டை எடுத்து மடிச்சு மேசை மேல வெச்சாங்க. “கையை ஒளிச்சு வெச்சா, பாக்கறவங்களுக்கு நீங்க எதையோ மறைக்கற மாதிரி இருக்கும் சார். கையை மேல கொண்டு வாங்க. பேசறப்ப அசையட்டும்.” கையை மேசை மேல வெச்சேன். வெச்ச எடத்துலயே இருந்துச்சு. என் கை மாதிரியே இல்லை, யாரோ வெச்சுட்டு மறந்து போன சாமான் மாதிரி இருந்துச்சு.

அப்பறம் சிரிப்பு. தினமும் காத்தால கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகச் சொன்னாங்க. பல்லு கொஞ்சம் தெரியணும், ஈறு தெரியக் கூடாது, கண்ணும் சேந்து சிரிக்கணும். நானும் மில்லுக்காகத்தானேன்னு ரூம்புல தாழ் போட்டுட்டு நின்னேன். ஜன்னல் வழியா எங்க வீட்டம்மா பாத்திருக்குது. துளசிமணின்னு பேரு. “ஏனுங்க, பல்லு வலிக்குதா? கிராம்பு கொண்டாரட்டுமா?”ன்னு கேட்டா. கிண்டலுக்குக் கேக்கலைங்க. நெசமாவே கிராம்போட வந்து நின்னா.

நான் ஒண்ணும் முரண்டு பிடிக்கலை. சொன்னதையெல்லாம் செஞ்சேன். நெஞ்சை நிமித்தி உக்காருன்னாங்க, உக்காந்தேன். மூச்சை எறக்கிட்டுப் பேசுன்னாங்க, எறக்கிட்டுப் பேசுனேன். வார்த்தைக்கு நடுவுல ‘வந்து, வந்து’ன்னு இழுக்காதீங்கன்னாங்க. நான் எப்பவும் இழுக்கறது கிடையாது. அவங்களே சொன்னாங்க, “சார் குரல் அருமை, தெளிவு அருமை, தடுமாத்தமே இல்லை. முகம் மட்டும் கூட வர மாட்டேங்குது”ன்னு.

“கேமராவை ஒரு மிஷினா நெனைக்காதீங்க சார். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தரு எதுக்க உக்காந்திருக்கறதா நெனைச்சுக்கிட்டுப் பேசுங்க.”

“பிடிச்ச ஆளு முன்னாடியும் நான் இப்படித்தாங்க இருப்பேன்.”

காப்பி கொண்டு வந்த துளசிமணி, “அது நெசந்தானுங்க மேடம்”னு சொல்லிட்டு டம்ளரை வெச்சா.

அந்தம்மா விடலை. சரி சார், கண்ணை மூடிக்குங்க, உங்க வாழ்க்கையில ரொம்பச் சந்தோஷமான நாளை நெனைச்சுப் பாருங்க, முகம் தானா மலரும்னாங்க. நான் நெனைச்சேன். மோகனா பொறந்த நாளைத்தான் நெனைச்சேன். வேற எதை நெனைக்கறது? கண்ணைத் தொறந்தா அந்தம்மா ஏமாந்து போன மாதிரி பாத்துட்டு இருக்காங்க. “என்ன சார் நெனைச்சீங்க?”ன்னாங்க. சொன்னேன்.

அன்னைக்குச் சந்தை. பாலக்காட்டு வியாபாரி ஒருத்தன் கை என் கையில, துண்டுக்குள்ள. ஜோடி மாட்டுக்கு வெலை பேசிட்டு இருக்கோம். எங்க பங்காளி ஒருத்தன் ஓடி வந்து, “உனக்குப் பொண்ணு பொறந்திருக்குது, ரெண்டு பேரும் சௌக்கியம்”னு எல்லாரு முன்னாடியும் சொல்றான். பாலக்காட்டான் என் மூஞ்சியைப் பாக்கறான். நான் சந்தோஷப்பட்டேன்னு வெச்சுக்குங்க, இவனுக்கு வீட்டுக்கு ஓடணும், அவசரத்துல குடுத்துருவான்னு அவன் ஒரு விரலைக் கொறைப்பான். நான் ஒண்ணுமே கேக்காத மாதிரி நின்னேன். விரல் அசையலை. கண்ணு அசையலை. அவன்தான் எறங்கி வந்தான். அதுக்கப்பறம் இன்னொரு மாட்டையும் பேசி முடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இதை நான் பெருமையாத்தான் சொன்னேன். இப்பவும் பெருமைதான். அந்த மாதிரி நேரத்துல அசையாம நிக்க எத்தனை பேரால முடியும்?

“ஆஸ்பத்திரியில வந்து என்ன சொன்னாருன்னு கேளுங்க மேடம்”னா துளசிமணி. “கொழந்தையைப் பாத்தாரு. ‘சரி’ன்னாரு. போயிட்டாரு.”

“கூட்டம் இருந்துச்சுல்ல. உங்க ஆளுக எல்லாம் நின்னாங்க”ன்னேன்.

மோகனா லைட்டைப் பிடிச்சுட்டு நின்னவ, அதைக் கீழ வெச்சுட்டு, “மேடம், கொஞ்சம் பிரேக் விட்டுக்கலாம்”னு சொல்லிட்டுப் போயிட்டா. பாவம், காலையில இருந்து நின்னதுல களைச்சிருப்பா.

அப்பறம் ஷூட்டிங். மில்லுக்குள்ளயே வெச்சோம், பின்னால மூட்டை அடுக்கி. மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இத்தனை வருஷத்துல பட்டப் பகல்ல அந்த மில்லு அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததில்லை. சட்டையில மைக்கைக் குத்துனாங்க. மூஞ்சியில பவுடர் போட்டாங்க. அந்தம்மா கேமராவுக்குப் பின்னால நின்னு தன் வாயைக் கையால இழுத்துச் சிரிக்கச் சொல்லிக் காட்டுனாங்க.

நான் பேசுனேன். ஒரு எடத்துல தடுமாறலை. என் பேரு, என் தொழிலு, இந்தத் தீவனத்துல என்னென்ன போடறோம், அந்த மாடு எதனால செத்துச்சு, டாக்டரு என்ன சொன்னாரு, சந்தேகம் இருந்தா மில்லுக்கு வாங்க, கேட்டைத் தொறந்து வெச்சிருக்கேன். முடிஞ்சுது. துண்டு எங்கன்னு தேடுனேன்.

யாரும் ஒண்ணும் பேசலை. எல்லாரும் அசந்துட்டாங்கன்னு நெனைச்சேன்.

மோகனா கிட்ட வந்தா. “அப்பா, நல்லாச் சொன்னீங்க. இன்னொரு தடவை எடுத்துக்கலாம். அந்த மாடு செத்ததைச் சொல்றப்ப மட்டும் கொஞ்சம்...”

“கொஞ்சம் என்னம்மா?”

“கொஞ்சம் வருத்தப்படுங்க.”

“வருத்தந்தான் படறேன்.”

“தெரியலைப்பா.”

“தெரிய வேண்டியது உண்மை. அது தெரிஞ்சுதா இல்லையா? என் வருத்தம் எதுக்கு ஊருக்கு?”

“ஒரே ஒரு டேக்குப்பா. எனக்காக.”

எந்திரிச்சுட்டேன். தம்பி, நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. சந்தையில ஒரு வெலையைச் சொல்லிட்டு ரெண்டாவது தடவை வேற மாதிரிச் சொன்னா என்ன அர்த்தம்? முதல்ல சொன்னது பொய்யின்னு அர்த்தம். அப்படிச் சொன்னவன் கையைத் துண்டுக்குள்ள ஒருத்தனும் வாங்க மாட்டான். நான் உண்மையைச் சொல்லியாச்சு. அதையே மறுபடியும் உக்காந்து, இந்தத் தடவை கண்ணு கலங்கச் சொன்னா, அது என்னது? நடிப்பு. நடிச்சாத்தான் நம்புவேங்கறவன் நம்ப வேண்டாம். ஒரு டேக் போதும்னு சொல்லிட்டேன். ஹேமலதா மேடம் மோகனாவைப் பாத்தாங்க. மோகனா தரையைப் பாத்தா. அதையேதான் அனுப்புனாங்க.

அப்பறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ‘மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, எதையோ மறைக்கறான்.’ ‘பத்து மாடு செத்தாலும் இந்தாளுக்குக் கண்ணு சிமிட்டாது.’ ‘கோர்ட்டுல தீர்ப்பு படிக்கற மாதிரி இருக்குது.’ இப்படி நூத்துக்கணக்குல. ஒருத்தன், ஒரே ஒருத்தன் நான் சொன்னது சரியா தப்பான்னு பேசுனானா? அத்தனை பேரும் மூஞ்சியைப் பத்தித்தான் பேசுனான். நாச்சிமுத்து போன் பண்ணி, “உன்னைப் பேசச் சொன்னதே தப்பு கிழங்கா”ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். மிச்சமிருந்த ரெண்டு ஏஜென்ட்டும் நிறுத்திட்டாங்க. அன்னைக்கு ஷூட்டிங்குக்கு நிறுத்துன மிஷினை அடுத்த வாரமெல்லாம் பாதி நாள்தான் ஓட்டுனோம்.

இங்க கொஞ்சம் நகந்துக்கறேன், வெயில் மூஞ்சியில அடிக்குது. பொள்ளாச்சி தாண்டியாச்சா? பேசிட்டே வந்ததுல தெரியலை.

அப்பத்தான் எம் பொண்ணு அவ வேலையைப் பாத்தா. என்னைக் கேக்கலை. அவளோட நீல ஸ்கூட்டரை எடுத்துட்டு நேரா கிட்டுசாமி வீட்டுக்குப் போயிட்டா. நான் போகலைதான். ஏன் போகலைன்னு துளசிமணியும் கேட்டா. நான் போய் நின்னா, தப்பு நம்ம மேலதான், அதான் ஓடி வந்திருக்கான்னு ஆயிருக்கும். வியாபாரத்துல யாரு மொதல்ல எந்திரிச்சுப் போறானோ அவன்தான் கொறைஞ்சவன். அவளுக்கு அதெல்லாம் கிடையாது. போய், மாட்டுக் கொட்டாயில கிட்டுசாமி சம்சாரம் பாப்பாத்தி கூடத் தரையில உக்காந்திருக்கா. போனைச் செவுத்துல சாய்ச்சு வெச்சிருக்கா. அதுவும் கோணலா. பாதி நேரம் அவ தலையே தெரியலை, மாட்டுக் கட்டுத்தறிதான் தெரியுது. ஹேமலதா மேடம் சொல்லிக் குடுத்தது ஒண்ணையும் செய்யலை. கேமராவைப் பாக்கவே இல்லை. டாக்டரு சொன்னதைச் சொல்ல வந்தவ நடுவுல மறந்துட்டா. பாப்பாத்தி அந்த மாடுகளைப் பத்தி, எது எப்படிப் பால் குடுக்கும், எதுக்கு எங்க தடவிக் குடுத்தா புடிக்கும்னு சொல்லச் சொல்ல இவ மூக்கை உறிஞ்சிட்டு உக்காந்திருக்கா. கடைசியில அந்தம்மாவே சொல்லிருச்சு. “உங்க தீவனத்து மேல தப்பில்ல கண்ணு. நாங்க கயித்தைச் சரியாக் கட்டலை. சோளக்காட்டுல மேஞ்சிருச்சு. அந்தச் சாக்கை மூடுனதும் நான்தான்”னு.

அதுதான் ஓடுச்சு. என்னோடதை விட ஓடுச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. பாத்தீங்களா, நெனைச்சேன்.

ஏஜென்ட்டுக திரும்பி வந்தாங்க. லோடு போக ஆரம்பிச்சுது. சந்தோஷந்தான், நான் இல்லைங்கலை. ஆனா அதுல நடுவுல ஒண்ணு சொன்னா பாருங்க. பாப்பாத்தி கேக்குது, “உங்கப்பன் ஏன் வரலை கண்ணு? அந்த வீடியோவுல அவரைப் பாத்தா பயமா இருந்துச்சு”ன்னு. இவ சொல்றா, “எங்கப்பாவுக்கு என்ன தோணுதுன்னு எனக்கே இத்தனை வருஷமாத் தெரியாதுங்க. என்னையப் புடிக்குமான்னு கூடத் தெரியாது. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அது மட்டும் தெரியும்.”

இதைப் போய் ஊருக்குச் சொல்லலாமா? அதைத்தான் எல்லாரும் தனியா வெட்டி எடுத்து அனுப்புனாங்க. கல்யாண வீட்டுக்குப் போனா ஒவ்வொருத்தனும் என்னை ஒரு மாதிரிப் பாக்கறான். சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பிரியமாப் பேசுங்க மாமா”ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தெரியாதாமில்ல. எப்படித் தெரியாமப் போகும்? மூட்டைக்கு யாரு பேரு வெச்சேன்? ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல மூட்டை அவ பேரைச் சுமந்துட்டுப் போகுது. இதுக்கு மேல வாயால வேற சொல்லணுமா? சொன்னா மதிப்பு இருக்குமா?

அதோட விட்டுச்சா? அந்த வீடியோவைப் பாத்துட்டுக் கோயமுத்தூர்ல ஒரு பெரிய பால் கம்பெனிக்காரங்க அவளைக் கூப்பிட்டுட்டாங்க. விவசாயிகளோட பேசறதுக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணுமாம். நல்ல சம்பளம். போன வாரம் சோத்துக்கு உக்காந்திருக்கறப்ப கேட்டா.

“அப்பா, கூப்பிடறாங்க. போகட்டுமா?”

நான் சோத்தைப் பெசைஞ்சிட்டு இருந்தேன்.

“மில்லுல நான் வேணும்னு நீங்க இதுவரைக்கும் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. வேணும்னு சொன்னீங்கன்னா நான் போகலை. அவங்களுக்கு முடியாதுன்னு இன்னைக்கே சொல்லிடறேன்.”

துளசிமணி கரண்டியோட அப்படியே நின்னா.

“உன் இஷ்டம்மா”ன்னேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்லணும்ங்கறீங்க? போகாதேன்னு சொல்லியிருந்தா? அப்பாவுக்காகத்தானே இருந்தேன்னு நாளைக்கு அவ நெனைப்பா. அவளா இருந்தா அது வேற. அவளாத்தான் இருக்கணும். நம்ம வேணும்னு காட்டிட்டா அப்பறம் நம்ம கையில என்ன இருக்குது? நான் எதுவும் காட்டிக்கலை. முழுச் சோத்தையும் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன். மோர் கூடக் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேன். அவ தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு.

மறுநாள் துளசிமணி என்னோட பேசலை. அதுக்கடுத்த நாள் பேசுனா. “உங்க சந்தையை வாசலோட நிறுத்தியிருக்கலாம்”னா. அவளுக்கு என்ன தெரியும் சந்தையைப் பத்தி.

நேத்து மோகனா ஸ்கூட்டர்லயே கோயமுத்தூர் போயிட்டா. தங்கறதுக்கு எடம் பாக்க. சிநேகிதி வீட்டுல இருக்கா. திங்கக்கிழமை சேரணுமாம். இன்னும் அவங்களுக்கு முடிவாச் சொல்லலைன்னு துளசிமணி சொல்றா. அதுக்கும் நான் இந்த பஸ்ஸுல போறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெல்ட் அறுந்து போச்சு. உடுமலையில அந்த சைஸ் கிடைக்காது. கிடைக்கும், ஆனா நல்லா இருக்காது.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம்... சொல்லும்மா... பஸ்ஸுல இருக்கேன்... ஆமா, கோயமுத்தூருக்குத்தான். பெல்ட் வாங்கணும்... இல்லைம்மா, ஆளை அனுப்புனா சைஸை மாத்தி வாங்கிட்டு வந்துருவான்... அம்மா சொன்னாளா? அவளுக்கு நான் சொல்லவே இல்லையே... உன்னையப் பாக்கவா? இல்லை. பெல்ட்டுக்குத்தான்... ம்... ம்... உக்கடத்துலதான் எறங்குவேன்... வேண்டாம், வெயில்ல நிக்காதே, உனக்கு வேலை இருக்கும்... சரி. சரி, உன் இஷ்டம்.

வெச்சுட்டா. உக்கடத்துல வந்து நிக்கறாளாம். என்னையப் பாக்கத்தான் வர்றீங்களாப்பான்னு கேட்டா. பெல்ட்டுக்குன்னு சொன்னேன். ‘சரிப்பா’ன்னா. அவ்வளவுதான்.

குரல்ல ஒண்ணுமே இல்லைங்க தம்பி. கோவமா, சந்தோஷமா, வருத்தமா, ஒண்ணும் பிடிபடலை. எப்பவும் அப்படி இல்லை அவ. போன்லயே மூச்சு வாங்கும், சிரிப்பா, சண்டைக்கு வருவா. இப்ப ‘சரிப்பா.’ மோகனாவா பேசுனதுன்னு இருக்குது.

‘சரிப்பா’ன்னா என்னங்க அர்த்தம்?

ஈச்சனாரி தாண்டிருச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான். தம்பி, அந்த வீடியோ உங்க போன்ல இருக்குதுங்களா? என்னோடது இல்லை, அவளோடது. எடுங்க. நான் அதை ஒரு தடவைதான் பாத்தேன். கோவத்துல அவ சொன்னதைத்தான் கேட்டேன், மூஞ்சியைப் பாக்கலை. சத்தத்தை நிறுத்திருங்க, எனக்குப் பேச்சு வேண்டாம். அது எனக்கு மனப்பாடம். கொஞ்சம் தள்ளிப் போங்க. இன்னும். மாட்டுக் கட்டுத்தறி வருதுல்ல, அதுக்கப்பறம். இங்க. இங்க நிறுத்துங்க.

கிட்டக் குடுங்க.

இதுல எங்க அம்மா சாயல் இருக்குதுன்னு இத்தனை நாளு தெரியலை பாருங்க.

என்ன நெனைக்கறா இவ? ஒரு மாட்டை ஒரு பார்வை பாத்தா, அது எத்தனை நாளு இந்த வீட்டுல இருக்கும், எப்ப கயித்தை இழுக்கும்னு சொல்லிருவேன் நான். விக்கறவன் கண்ணைப் பாத்தா அவன் கடைசி வெலை என்னன்னு சொல்லிருவேன். இதுல எனக்கு ஒண்ணும் தெரியலை. நீங்க சொல்லுங்க. நீங்க இதைப் பல தடவை பாத்திருப்பீங்க. இந்தப் பொண்ணு இருப்பாளா, போயிருவாளா?

வேண்டாம், சொல்லாதீங்க. வெளியாளு நீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? போனைப் பிடிங்க.

குறிச்சிக் குளம் வந்துருச்சு. நான் எந்திரிக்கறேன். ஒண்ணும் மாறப் போறதில்லை தம்பி, நான் அவளைப் பாத்து அழுவேன்னு நெனைச்சுக்காதீங்க. பெல்ட்டுன்னுதான் ஆரம்பிப்பேன். அப்படித்தான் ஆரம்பிக்க வரும் எனக்கு. அதுக்கப்பறம் என்ன வருதுன்னு பாக்கலாம். இதோ, உக்கடமே வந்தாச்சு. நீங்க ஜன்னல் ஓரமா இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. நீல ஸ்கூட்டர். நிக்கறாளா?

எப்படி நிக்கறா?